முன்னூறு மூட்டை, ஐம்பது ஓவர்

பூட்டை அணியில் எடுக்கலாமா கூடாதா என்பதுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் கிடங்கில் பேச்சு. மூன்றாவதாக இறங்கும் ஆட்டக்காரருக்கு நாங்கள் வைத்திருந்த பேர் அது. ஒரு முனையில் வந்து நின்றார் என்றால் அந்த முனை பூட்டினது பூட்டினதுதான். விக்கெட் போகாது. ஆனால் ரன்னும் லேசில் வராது. முப்பத்தாறு வயது ஆகிவிட்டது. ஒருநாள் ஆட்டத்தில் எழுபது பந்து ஆடி நாற்பது ரன் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இடத்துக்கு இருபத்தொரு வயதில் ஒருவன் வந்து காத்திருந்தான். எந்தப் பந்தாக இருந்தாலும் தூக்கி வெளியே அடிப்பான். அவனுக்குப் பட்டாசு என்று பேர் வைத்தோம். பெரிய போட்டி ஒன்று வர இருந்தது. அதற்குப் பதினைந்து பேர் கொண்ட பட்டியலை அறிவிக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

கிடங்கில் நாங்கள் ஆறு பேர். சிமெண்ட் லாரி வந்தால் இறக்கி அடுக்குவது வேலை. வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று ஒருவன். எங்களில் வேகமானவன் ஒல்லி. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீட்டிலிருந்து ஒரே சைக்கிளில் வருவார்கள். பிறகு நான். ஆறாவது ஆள் என் மச்சான், என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்னை அந்தக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

டீ குடிக்கும் நேரத்தில் ரேடியோதான் ஆரம்பிப்பான். பூட்டு இறங்கினால் தான் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவதாகவும், வந்து பார்த்தால் ஸ்கோர் விட்ட இடத்தில் பத்திரமாக இருப்பதாகவும் சொல்வான். மச்சான் டீயை ஊதிக்கொண்டே, "நீ குளிக்கணும்னுதான்டா அவரு அவ்வளவு நேரம் நின்னு பார்க்கிறாரு. அப்பவும் நீ குளிக்க மாட்டேங்கிற" என்பார். எல்லோரும் சிரிப்போம். சிமெண்ட் தூசியில் எங்கள் ஆறு பேர் முகமும் ஒரே நிறமாக இருக்கும். சிரிக்கும்போது பல்லை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்ல வேண்டும்.

ஆறு பேரில் பூட்டின் பக்கம் மச்சான் ஒருவர் மட்டும்தான். அவருக்கு எதிராக அதிகம் வாதாடினது நான். காரணம், என்னிடம் கணக்கு இருந்தது. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பேப்பரின் விளையாட்டுப் பக்கம்தான் எனக்குப் பாடப் புத்தகம். முதலில் எண்கள் வந்தன, அப்புறம் பேர்கள் வந்தன. கடைசி இருபது ஆட்டத்தில் பூட்டின் சராசரி என்ன, நூறு பந்துக்கு எத்தனை ரன், பட்டாசுக்கு எத்தனை என்று நான் சொல்ல ஆரம்பித்தால் ரேடியோகூட வாயை மூடிக்கொள்வான். அது எனக்குப் பிடித்திருந்தது.

மச்சானுக்கு எழுத்து தெரியாது. ஒரு நாள் நான் பேப்பரைத் தட்டித் தட்டிப் பேசி முடித்ததும் அவர் சொன்னார்:

"எல்லாம் சரி மாப்ளே. அவரு நின்னதாலதான் எதிர்ப்பக்கம் இருக்கிறவன் பயமில்லாம அடிக்கிறான். அப்படி நின்னதுக்கு அந்தப் பேப்பர்ல எங்க கோடு போட்டிருக்கான்? அதையும் படி."

"நம்பர் பொய் சொல்லாது மச்சான்" என்றேன் நான்.

இனி என்னிடம் இருந்த ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு லாரியில் முன்னூறு மூட்டை வரும். சலிப்பாக இருக்கிறதே என்று நாங்கள் அதை ஆட்டமாக ஆக்கிக்கொண்டோம். ஒரு மூட்டைக்கு ஒரு ரன், மூன்று நிமிடத்துக்கு ஒரு ஓவர். ஐம்பது ஓவருக்குள் முன்னூறையும் இறக்கிவிட்டால் ஜெயித்தோம், இல்லையென்றால் லாரி ஜெயித்தது. கிடங்கின் நடுத்தூணில் ஆளுக்கு ஒரு பேர் எழுதி வைத்திருந்தேன். மூட்டையை அடுக்கில் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவரவர் பேருக்குக் கீழே சாக்பீஸால் ஒரு கோடு. லாரி காலியானதும் நான் கோடுகளை எண்ணி நோட்டில் ஏற்றுவேன். ஸ்கோரர் என்று என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாக ஒரு லாரி விடாமல் எழுதியிருந்தேன்.

மச்சானின் இடம் லாரிக்கு மேலே. மூட்டையை விளிம்புக்கு இழுத்து நிமிர்த்தி, கீழே வந்து நிற்கிறவனின் தோளில் சாய்த்துவிட வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஐம்பது கிலோ கோணலாக விழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அன்றைக்கு அவ்வளவுதான். மச்சான் நாங்கள் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தும் நேரம் பார்த்து இறக்குவார். மூட்டை தோளில் வந்து உட்கார்ந்ததே தெரியாது, கால் தானாக நடக்கும். எனக்கு இடது தோள் வலி என்று சொல்லாமலே வலது தோளில் வைப்பார். முன்னூறும் அவர் கையைத் தாண்டித்தான் கீழே வரும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு மூட்டைக்கு மட்டும் அவரும் இறங்கிச் சுமப்பார். தூணில் அவர் பேருக்குக் கீழே விழுவது அந்தப் பத்துப் பன்னிரண்டு கோடுதான். "நம்ம பூட்டு பதினொண்ணு, நாட் அவுட்" என்று ரேடியோ அறிவிப்பான். மச்சானும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

இப்படி இருக்கும்போதுதான் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தி, அடுத்த மாதத்திலிருந்து ஐந்து பேர்தான் என்றார். கம்பெனி முடிவாம். யார் என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றைக்கு டீ நேரத்தில் யாரும் பூட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒல்லியைத் தவிர எல்லோருக்கும் பயம் இருந்தது. மச்சானுக்கு ஐம்பத்து நான்கு வயது, தூசி இருமல் வேறு. மச்சானின் மனைவிக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் கிடையாது. அந்த வேலையை விட்டால் அவரை யாரும் லாரி மேல் ஏற்ற மாட்டார்கள், சுமக்கத்தான் சொல்வார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சூப்பர்வைசர் சின்ன வயதுக்காரர். கிரிக்கெட் என்றால் அவருக்கும் உயிர். இரண்டாவது வாரம் ஒரு மதியம் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பூட்டை எடுப்பார்களா என்று கேட்டார். நான் கணக்கோடு சொன்னேன். தலையை ஆட்டி ரசித்துக் கேட்டார். உன்னிடம் ஒரு ஸ்கோர் புத்தகம் இருக்கிறதாமே, காட்டேன் என்றார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். போன பன்னிரண்டு லாரிக்கு மட்டும் சராசரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து, அவர் பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒல்லி அறுபத்தாறு. அண்ணன் அறுபத்தொன்று. தம்பி அறுபது. ரேடியோ ஐம்பத்து மூன்று. நான் நாற்பத்தொன்பது. மச்சான் பதினொன்று. கோடு கிழித்து, கீழே முன்னூறு என்று கூட்டியும் காட்டினேன்.

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பாதி நிஜம். எழுத ஆரம்பிக்கும்போது தெரியவில்லை. மச்சான் பேருக்கு நேரே பதினொன்று என்று எழுதினபோது பேனா ஒரு நிமிடம் நின்றது. அதற்குப் பிறகும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துச் சூப்பர்வைசர் மச்சானின் பேரைச் சொன்னார். மச்சான் லாரி மேல் நின்றுகொண்டிருந்தார். சரிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை இழுத்தார். கீழே என் முறை. எப்போதும்போல வலது தோளில் வைத்தார்.

அந்த லாரி முடிந்ததும் நான் அறைக்குப் போனேன். மேலே நிற்கிறவருக்குக் கோடு விழாது, முன்னூறையும் தூக்கி வைப்பது அவர்தான், நாங்கள் விளையாட்டுக்கு எழுதினது அது என்று எடுத்துச் சொன்னேன். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார். நோட்டு அவர் மேசை மேலேயே இருந்தது.

"நம்பர் பொய் சொல்லாதுன்னு டீ நேரத்துல நீதானேப்பா சொல்லுவ, எனக்கே இங்க கேக்கும்" என்றார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். "சரி, அவரை நிறுத்த வேண்டாம்னு வை. அஞ்சு பேர்தான் எனக்கு வேணும். அடுத்தாப்ல கம்மி யாரு? நீயே படிச்சுச் சொல்லு."

படிக்க வேண்டியதில்லை. எழுதினதே நான்தான். நாற்பத்தொன்பது.

என் மூத்த மகள் படிப்பு, வீட்டு வாடகை, இடது தோள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுந்து, வரேன் சார் என்று வெளியே வந்தேன். நோட்டை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதக் கடைசி நாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஆட்டம் இருந்தது. டிவி எங்கள் வீட்டில்தான் என்பதால் ஒருநாள் ஆட்டம் எது இருந்தாலும் வந்துவிடுவார். என் மனைவி அவருக்குச் சோறு போட்டுவிட்டு அழுதாள். அவர் அவளை அதட்டினார். அவள் உள்ளே போனதும் டிவியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், நோட்டை வைத்துத்தான் முடிவு செய்தார்களாமே, ஆளுக்கு எவ்வளவு போட்டிருந்தாய், சொல் என்று. நோட்டு கையில் இல்லாவிட்டாலும் எனக்கு மனப்பாடம்.

"ஒல்லி அறுபத்தாறு" என்று ஆரம்பித்தேன். "அண்ணன் அறுபத்தொண்ணு. தம்பி அறுபது. ரேடியோ ஐம்பத்து மூணு. நீங்க பதினொண்ணு."

"நீ?"

"ஐம்பத்தெட்டு" என்றேன்.

மச்சான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாப்பிட்ட கை காய, இடது கை விரலால் தொடையில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். பூட்டு அப்போது முப்பத்தோரு பந்தில் பதினான்கு. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா ஆடியிருக்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வரவில்லை. அண்ணன் ஏன் வருவதில்லை என்று மனைவி கேட்கும்போதெல்லாம், வேலை இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிடங்கில் ஐந்து பேரும் மாற்றி மாற்றி லாரி மேல் ஏறினோம். முதல் நாள் ஒல்லி ஏறினான். அவன் வேகத்துக்கு மூட்டையை உருட்டிவிட்டான். தம்பிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, மூன்று நாள் வரவில்லை. நான்கு பேர் முன்னூறை இறக்கி முடிக்க அறுபத்து மூன்று ஓவர் ஆனது. சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்று, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். தூணில் கோடு போடுவதை யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியாது. ஒரு நாள் பார்த்தால் யாருமே போடவில்லை. மச்சான் பேர் மட்டும் ஈரத்துணி வைத்துத் துடைத்தும் முழுதாகப் போகாமல் இருந்தது. துடைத்தது நான்தான்.

மச்சானுக்கு ஒரு கட்டடத்தில் வேலை கிடைத்தது. டைல்ஸ் பெட்டியைத் தலையில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். கைப்பிடி இன்னும் போடாத படி. பத்தாவது நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருமல் வந்திருக்கிறது. பெட்டியை விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று கூட வேலை செய்தவர் சொன்னார். விடவில்லை. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வரிசையாக இருபது கட்டில். மச்சானுக்குச் சுவரோரக் கட்டில். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். எழுந்து நடப்பாரா என்று டாக்டரிடம் என் மனைவி கேட்டதற்கு, நடப்பார், சுமக்க மாட்டார் என்று பதில் வந்ததாம். அவள் அவருடைய மனைவியின் கையைப் பிடித்து முகம் கழுவ அழைத்துப் போன நேரத்தில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கையில் அன்றைய பேப்பர் இருந்தது.

மச்சான் அதைப் பார்த்துவிட்டார்.

"லிஸ்ட் வந்துடுச்சா?"

வந்திருந்தது. பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். பதினைந்து பேர். பட்டாசு இருந்தான். பூட்டு இல்லை.

"படி" என்றார்.

நாளைக்கு இடுப்பை அறுக்கப் போகிறார்கள். இந்த ஒரு ராத்திரியாவது மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் நினைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கேப்டன் பேரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்காவது பேருக்கும் ஐந்தாவது பேருக்கும் நடுவில் பூட்டின் பேரைச் சேர்த்துக்கொண்டேன். நின்று படிக்கவில்லை. மற்ற பேரைப் படித்த அதே குரலில்தான் படித்தேன். மச்சானின் முகம் மாறவில்லை. போர்வைக்கு மேலே இருந்த வலது கையில் கட்டை விரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. மூட்டை எண்ணும்போதும் அப்படித்தான் எண்ணுவார்.

படித்து முடித்தேன்.

"பதினாறு வருதே மாப்ளே."

நான் பேப்பரைப் பார்த்தேன்.

"பதினஞ்சு பேர்தானே எடுப்பாங்க" என்றார். கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. "நீ படிச்சா எப்பவும் கொஞ்சம் கூடத்தான் வருது. அன்னைக்கும் அப்படித்தான். நீ சொன்ன ஆறையும் கூட்டிப் பார்த்தேன். முன்னூத்தி ஒம்பது வந்துச்சு. லாரியில ஏது முன்னூத்தி ஒம்பது? அத்தனை மூட்டையும் என் கையால எடுத்து வச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். நான் எழுந்து போய் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.

"மச்சான், அன்னைக்கு ரூமுக்குப் போய்ச் சொன்னேன். அடுத்தது நான்தான்னு அவரு..."

"தெரியும். உன் அம்பத்தெட்டுல ஒம்பதைக் கழிச்சா நாப்பத்தொம்பது. அடுத்தது நீதான்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தங்கச்சிகிட்ட சொல்லல. நீயும் சொல்லாத. அவ தாங்க மாட்டா."

வராந்தாவில் அவர்கள் இரண்டு பேரும் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் அவசரமாகக் கையை நீட்டி என் முழங்காலில் இருந்த பேப்பரைத் தொட்டார்.

"இப்பச் சரியாப் படி. அவரை விட்டுட்டுப் படி."

மறுபடி முதலிலிருந்து படித்தேன். நான்காவது பேர் முடிந்ததும் நேராக ஐந்தாவதுக்குப் போனேன். என் மனைவி வந்து அண்ணன் தலைமாட்டில் நின்றாள். இந்த நேரத்திலும் கிரிக்கெட்டா என்று என்னை முறைத்தாள். மச்சானின் கட்டை விரல் கணு கணுவாகப் போய்ப் பதினைந்தில் நின்றது.

"இப்ப சரியா இருக்கு" என்றார்.